சதுக்கம் எங்கே பாஸ் இருக்கு?

"எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால் "மேட்டுப்பாளையம்" என்பேன். உடனே எதிரில் இருப்பவர் கண்கள் விரியும். "வாவ்! ஊட்டி ட்ரெயின் அங்கேர்ந்துதானே கிளம்புது?"

அது கோயம்புத்தூர்ப் பக்கத்து மேட்டுப்பாளையம், மக்களே! நம்மது புதுச்சேரி மேட்டுப்பாளையம். இங்கே மலை ரயில் கிடையாது. லாரி உண்டு... வரிசை வரிசையாக லாரி! கனரக வாகன முனையம், பிப்டிக் தொழிற்பேட்டை, ஷிஃப்ட் முடிந்து வரும் கூட்டம், அரை கிளாஸ் டீ... இதுதான் எங்க ஏரியா. பாண்டிச்சேரி என்றதும் உங்கள் மனசில் ஓடும் மஞ்சள் சுவர், காகிதப்பூ, கடற்கரை எல்லாம் பார்க்கணும் என்றால் நாங்களும் பஸ் ஏறி டவுனுக்குத்தான் போகணும். ஒரு வகையில் நாங்களும் டூரிஸ்ட்தான்!

போன மாசம் டவுன் பிளானிங் பேப்பருக்கு ஒரு அசைன்மென்ட் கொடுத்தார்கள். 'உங்கள் ஊரில் உள்ள ஒரு பொதுச் சதுக்கத்தைப் பார்த்து, அளந்து, வரைந்து வரவும்.' சிவில் மூன்றாம் வருஷம் படிக்கிற எனக்கு அளப்பது பெரிய விஷயமில்லை. ஆனால் சதுக்கம் எங்கே இருக்கிறது?

"இதுக்கா மச்சான் யோசிக்கிறே? ராஜீவ் காந்தி சதுக்கம், இந்திரா காந்தி சதுக்கம். பேர்லயே சதுக்கம் இருக்கே!" என்றான் பக்கத்து பெஞ்ச் நண்பன்.

பாண்டிக்கு வந்தவர்கள் இந்த இரண்டையும் கடக்காமல் வந்திருக்க முடியாது. நூறடி ரோட்டின் இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று. டேப்பும் நோட்டுமாகப் போய் இறங்கினேன். அளக்கறது இருக்கட்டும், நிற்கக்கூட முடியவில்லை பாஸ்! நடுவில் சிலை. சுற்றிலும் பஸ், லாரி, டெம்போ, கரும்புகை. ஓரமாக ஒதுங்கினால் "சார், எங்கே போகணும்?" என்று ஆட்டோ. சிலையைத் தவிர யாரும் அங்கே பத்து நிமிஷம் நிற்கப்போவதில்லை. 2025 அக்டோபரில் இந்த இரண்டையும் இணைக்கிற மேம்பாலத்துக்கு அடிக்கல் வேறு நாட்டியாச்சு. வண்டிக்கு அது நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேரில் மட்டும் சதுக்கம் என்றிருந்தால் போதாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

நோட்டை மூடிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். எங்கே இறங்கினேன் என்று உங்களால் யூகிக்க முடியும்... பாரதி பூங்கா!

கோட்டை இருந்த இடம்

பாரதி பூங்காவை நீங்கள் செல்ஃபி ஸ்பாட்டாகப் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் திரும்பி, பூங்காவைச் சுற்றி என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். வடக்கே ராஜ் நிவாஸ். மேற்கே சட்டப்பேரவை. அதை ஒட்டிய தெருவிலேயே அரசுப் பொது மருத்துவமனை. கூப்பிடு தூரத்தில் அருங்காட்சியகமும், 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகமும். இரண்டு தெரு தள்ளினால் கடல். ஒரு ஊரை ஆள்கிற இடம், ஆள்கிறவர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் வைத்தியத்துக்கு வருகிற இடம், படிக்கிற இடம், காற்று வாங்குகிற இடம்... எல்லாம் ஒரே பூங்காவைச் சுற்றி. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் இதற்குப் பெயரே அரசாங்கச் சதுக்கம் என்பதுதான். அசைன்மென்ட்டுக்கு வேறு என்ன வேணும்?

இங்கே முதலில் இருந்தது பூங்கா இல்லை, கோட்டை. பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய லூயி கோட்டை. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்து, அதைத் தரைமட்டமாக்கினார்கள். கோட்டை மட்டுமல்ல, ஊரே தரைமட்டம். அந்த ஊரின் அன்றாட வாழ்க்கையை வருஷக்கணக்காக நாட்குறிப்பில் எழுதி வைத்த ஆனந்தரங்கப் பிள்ளை காலமானதும் அதே ஜனவரியில்தான். பிறகு ஊர் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பி வந்தபோது ஆளுநர் மாளிகையைக் கட்டினார்கள், தெருக்களைப் போட்டார்கள். கோட்டையை மட்டும் மறுபடி எழுப்பவில்லை. அந்த இடம் வெட்டவெளியானது, அப்புறம் சதுக்கமானது, பிறகு தோட்டமானது. 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் அடைக்கலமாக இருந்த பாரதியின் பெயர் இன்றைக்கு அதற்கு. அனுமதி இல்லாமல் நுழைய முடியாத இடத்தில் இப்போது குழந்தைகள் சறுக்குமரம் விளையாடுகின்றன. தோற்றதில் கிடைத்த லாபம் என்று இதைச் சொல்லலாமா?

எங்க ஊர்த் தண்ணி!

பூங்காவின் நடு மையத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே, ஆயி மண்டபம்... அதுதான் புதுச்சேரி அரசு முத்திரையிலும் இருக்கிறது. ரேஷன் கார்டு முதல் ஸ்காலர்ஷிப் ஆர்டர் வரை தினமும் பார்க்கிற படம். பார்த்துப் பார்த்தே அதைப் பார்க்காமல் விட்டிருப்போம்.

கதை இதுதான். கிருஷ்ணதேவராயர் காலம் என்பார்கள். இந்தப் பக்கமாக வந்த மன்னர், சாயங்கால வெளிச்சத்தில் ஜொலித்த ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டார். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் வந்ததே கோபம்! "இடித்துத் தள்ளுங்கள்." ஆயி அழுது பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் "நானே இடித்துக்கொள்கிறேன், அவகாசம் கொடுங்கள்" என்று கேட்டு, வீட்டை இடித்து அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள். தப்பாகக் கும்பிட்டது ராஜா, வீட்டை இழந்தது ஆயி! இந்த நியாயம் எனக்கு இன்னமும் புரியவில்லை. இது வாய்வழிக் கதை, கல்வெட்டு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வரலாறு இதற்குப் பிறகுதான் வருகிறது. 1860-களில் பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த பகுதியில் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு. கடலோர ஊர், கிணற்றில் உப்பு. லாமெரெஸ் என்ற பொறியாளர் (நம்ம சீனியர்!) முத்திரையர்பாளையத்திலிருந்து தண்ணீரை இந்தச் சதுக்கத்துக்குக் கொண்டுவந்தார். அப்போது பிரான்ஸில் மூன்றாம் நெப்போலியன் ஆட்சி. தண்ணீர் வந்ததன் நினைவாகத்தான் இந்த மண்டபம். தண்ணீர் எடுத்த இடத்தின் கதையைக் கேட்டு, தாசி ஆயியின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அந்த ஊரில் எத்தனை கவர்னர்கள், எத்தனை தளபதிகள்! நடு மையம் கிடைத்தது ஆயிக்கு.

முத்திரையர்பாளையம் எங்கே இருக்கிறது தெரியுமா? மேட்டுப்பாளையத்திலிருந்து சைக்கிள் மிதித்தால் போகிற தூரம். எங்க ஊர்ப் பெயரிலேயே மேடு இருக்கிறது, கவனித்தீர்களா? டவுன் தாழ்வு, எங்கள் பக்கம் உயர்வு. மோட்டார் பம்ப் இல்லாத காலத்தில் லாமெரெஸ் நம்பியது அந்தச் சரிவைத்தான். சர்வேயிங் லேபில் ஆட்டோ லெவல் வைத்துத் தூங்கி வழிந்தபோது புரியாத பாடம், ஆயி மண்டபத்து நிழலில் நின்றபோது பளிச்சென்று புரிந்தது.

இதோடு ஒரு சின்னக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். டவுனுக்கு நல்ல தண்ணீர் போனது எங்கள் பக்கத்திலிருந்து. டவுனின் குப்பை வருஷக்கணக்காக வந்து குவிந்தது குரும்பாபேட்டையில். அதுவும் எங்கள் பக்கம்தான். தொழிற்பேட்டை எங்கள் பக்கம், லாரி எங்கள் பக்கம். காசு கொடுக்காமல் உட்கார ஒரு மரத்தடி மட்டும் அவர்கள் பக்கம்!

பதினோரு நாள்

இதைச் சும்மா கடுப்பில் எழுதவில்லை. பிளஸ் டூ படிக்கும்போது அப்பாவை அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். பதினோரு நாள். அம்மா உள்ளே, நான் வெளியே. பகலில் நான் இருந்தது பாரதி பூங்காவில்தான். கெமிஸ்ட்ரி புத்தகத்தை விரித்தது அங்கே. பெரியம்மா கொண்டுவந்த சாப்பாட்டைப் பிரித்தது அங்கே. "ரிப்போர்ட் நல்லபடியா வந்துடுச்சு" என்று அம்மா ஓடிவந்து சொன்னதும் அங்கேதான். யாரும் என்னை "ஏன் இங்கே உட்கார்ந்திருக்கே?" என்று கேட்கவில்லை. எதுவும் வாங்கச் சொல்லவில்லை. எதிரே சட்டப்பேரவையில் கார்கள் வந்து போயின. என் பக்கத்து பெஞ்சில் வேட்டி கட்டிய ஒரு எம்.எல்.ஏ.வின் ஆட்கள் மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பெஞ்சில் பிரான்ஸ் பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தா ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரத் தம்பதி மேப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சதுக்கம் என்றால் என்ன என்று புத்தகத்தில் அரைப்பக்கத்துக்கு விளக்கம் இருக்கிறது. எனக்கு அந்தப் பதினோரு நாள் போதும்.

வில்லியம் வைட் என்று ஒரு அமெரிக்கர் இருந்தார். நியூயார்க்கில் பெரிய பெரிய கட்டடங்களுக்கு முன்னால் விட்ட திறந்தவெளிகளில் சிலவற்றில் மட்டும் ஏன் கூட்டம், மற்றவை ஏன் காலி என்று கேமரா வைத்து வருஷக்கணக்கில் பார்த்தார். 1980-இல் புத்தகமாகப் போட்டார். டிசைன் அழகு, வடிவம், பரப்பளவு என்று என்னென்னவோ எதிர்பார்த்துப் போனவருக்குக் கிடைத்த முக்கியமான விடை கொஞ்சம் அசடு வழிய வைக்கிறது: உட்கார இடம் இருந்தால் ஆள் வருகிறது! அப்புறம் மரம், தண்ணீர், சாப்பிட ஏதாவது, தெருவோடு ஒட்டி இருப்பது. பாரதி பூங்காவில் இதெல்லாம் இருக்கிறது. வாசலில் சுண்டலும் இருக்கிறது.

பூட்டும் சதுக்கம்

எல்லாம் ஜோர் என்று சொல்லி ஏமாற்ற மாட்டேன். பூங்காவுக்கு வேலி உண்டு, கேட் உண்டு, பூட்டு உண்டு. ஆளுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே சூடு கிளம்பினால் முதலில் மூடப்படுவது சதுக்கம்தான்.

2019 பிப்ரவரி ஞாபகம் இருக்கிறதா? அப்போதைய முதலமைச்சர் நாராயணசாமி கறுப்புச் சட்டையோடு ராஜ் நிவாஸ் வாசல் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். துணைநிலை ஆளுநர் கிரண்பேடியோடு மோதல். ராத்திரி படுக்கையும் அங்கேயே. ஒரு முதலமைச்சரே ரோட்டில் படுக்கும் சீன் இந்தியாவில் அடிக்கடி பார்க்கக் கிடைக்காது! அடுத்த ரவுண்டு 2021 ஜனவரி. ஆளுங்கூட்டணி மறுபடி போராட்டம் அறிவித்ததும் துணை ராணுவம் வந்தது, ராஜ் நிவாஸைச் சுற்றித் தெருக்களில் தடுப்புகள் முளைத்தன. போராட்டம் அண்ணா சிலைப் பக்கம் தள்ளிப்போனது. பிப்ரவரியில் கிரண்பேடியும் மாறினார், அதே மாசம் நாராயணசாமி ஆட்சியும் போனது. யார் சரி, யார் தப்பு என்ற பட்டிமன்றம் நமக்கு வேண்டாம். அந்த வாரங்களில் ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்களைச் சேர்த்திருந்தவர்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தை எங்கே பிரித்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

கடற்கரைச் சாலையில் இருக்கிற மேரி கட்டடத்தின் கதை இன்னும் வேடிக்கை. மேரி என்றால் பிரெஞ்சில் நகராட்சி மன்றம், மேயர் உட்காரும் இடம். 19-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், 2014 நவம்பர் மழையில் பொலபொலவென்று இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டி 2021-இல் திறந்தார்கள். பிரமாதமாகத்தான் இருக்கிறது. ஆனால் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-இல் ஒன்று, அப்புறம் 2006-இல் ஒன்று. அந்தப் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் தேதி அறிவித்தும் நடக்காமல் போனது. நம் வயசுக்காரர்கள் யாரும் கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டதில்லை. கட்டடம் எழுந்து நிற்கிறது, உள்ளே உட்கார வேண்டியவரைத்தான் தேடணும்!

தட்டாஞ்சாவடிக்கு வருமா?

இப்போது மேட்டருக்கு வருவோம். சட்டப்பேரவைக்கு இப்போதுள்ள பழைய கட்டடம் போதவில்லை என்பது பல வருஷப் பல்லவி. 1963-இல் தொடங்கிய பேரவை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 30 பேர், நியமிக்கப்பட்டவர்கள் 3 பேர். இடநெருக்கடி நிஜம்தான். தலைமைச் செயலகத்தையும் சேர்த்து தட்டாஞ்சாவடியில் புதிய வளாகம் கட்டலாம் என்பது திட்டம். 2021-க்குப் பிறகு இந்தப் பேச்சு சூடு பிடித்தது. 2023-இல் கோப்பு தாமதமாகிறது என்று பேரவைத் தலைவர் செல்வம் வெளிப்படையாகவே குறைப்பட்டார், அப்போதைய துணைநிலை ஆளுநர் தமிழிசை செலவைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். இப்படியே இழுபறி.

தட்டாஞ்சாவடி எங்களுக்கு அடுத்த வீடு மாதிரி. வந்தால் எங்கள் பக்கம்தான் வரும்! முதலில் கேட்டபோது எனக்கு குஷி தாங்கவில்லை. தண்ணீர் கொடுத்த பக்கத்துக்கு ஒருவழியாக அரசாங்கமே வருதுப்பா என்று.

அப்புறம் தான் பயம் வந்தது. சட்டப்பேரவை வரும். கூடவே சதுக்கம் வருமா?

சண்டிகரைப் பாருங்கள். கார்பூசியே என்ற உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் திட்டமிட்ட தலைநகர். சட்டமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் நடுவே பிரம்மாண்டமான கான்கிரீட் திடல். 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பெருமை. எங்கள் பாடப் புத்தகத்தில் முழுப் பக்கப் படம் இருக்கிறது. அந்தப் படத்தில் ஆளைத் தேடிப் பாருங்கள்... கிடைக்காது. நிழல் இல்லை, வெயில் உண்டு, பாதுகாப்புக் கெடுபிடி உண்டு. சும்மா போய் உட்கார முடியாது.

சென்னைக் கதை இன்னும் பக்கம். கோட்டையில் இடம் போதாது என்று ஓமந்தூரார் தோட்டத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டி 2010 மார்ச்சில் திறந்தார்கள். 2011-இல் ஆட்சி மாறியது, சட்டப்பேரவை பழையபடி கோட்டைக்கே திரும்பியது. புதுக் கட்டடம் 2014-இல் மருத்துவமனை ஆனது. ஆஸ்பத்திரி ஆனது நல்லதுதான். ஆனால் ஆளுகிற இடத்தை இடம் மாற்றுவது சோபா நகர்த்துவது மாதிரி இல்லை என்பதற்கு இது போதாதா?

அசைன்மென்ட்டை முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டாஞ்சாவடியையும் சுற்றி வந்தேன். நான் பார்த்தவரையில் சுவர், ரோடு, மறுபடி சுவர். பஸ் வருகிற வரைக்கும் காலை மாற்றி மாற்றி நின்றேன். இங்கே வளாகம் வந்தால் அதற்கும் ஒரு பெரிய காம்பவுண்டு சுவர் வரும். உள்ளே புல்வெளி வரும், செக்யூரிட்டி வரும், 'புல்லில் நடக்காதீர்' போர்டு வரும். மனுவோடு பாகூரிலிருந்து வருகிற பெரியவர் எங்கே உட்காருவார்? காலனியில் கிரிக்கெட் ஆடுகிற பசங்க சாயங்காலம் எங்கே போவார்கள்? ஷிஃப்ட் முடிந்து வருகிற அக்காக்கள் பத்து நிமிஷம் காலை நீட்ட ஒரு திண்ணை இருக்குமா? பிளானில் இதற்கு ஒரு ஓரத்தைச் சுவருக்கு வெளியே ஒதுக்கினால் போதும். வேப்பமரம் வைக்க இன்றைக்கே ஆரம்பித்தால், வளாகம் கட்டி முடிப்பதற்குள் நிழலாவது ரெடியாகிவிடும். நம்ம ஊர் வேகத்துக்கு மரம்தான் முதலில் ஜெயிக்கும், சந்தேகமே வேண்டாம்!

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பேரவை கிளம்பிப் போய்விட்டால் பாரதி பூங்கா என்ன ஆகும்? காலி கட்டடம் ஹெரிடேஜ் ஹோட்டல் ஆகுமா? சுற்றிலும் நூற்றுக்கணக்கில் பில் போடுகிற கஃபேக்கள் ஏற்கெனவே வந்தாச்சு. மனு எழுதுகிறவர்களும் போய், போட்டோ எடுப்பவர்கள் மட்டும் மிஞ்சினால் அது வேறு பூங்கா.

என் வரைபடத்தை சார் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூங்காவின் ஒவ்வொரு பெஞ்சையும் குறித்து, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தேன். "ஸ்கேல் சரியா இருக்கு. இதென்னப்பா, ஆளையெல்லாம் வரைஞ்சிருக்கே?" என்றார். பத்துக்கு ஏழு போட்டார்.

மார்க் வந்த அன்றைக்கு மறுபடி பூங்காவுக்குப் போனேன். அப்பா சேர்ந்திருந்தபோது நான் உட்கார்ந்த அதே பெஞ்சில் ஒரு அம்மாவும் பத்து வயசுப் பையனும். பையன் மடியில் ஹோம்வொர்க் நோட்டு. ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் வந்திருக்கணும், அந்த அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு அவசரமாக எழுந்தார்.

"தம்பி, இவன் இங்கேயே இருக்கட்டும். செத்த நேரம் பாத்துக்கிறியாப்பா?"

நகர்ந்து உட்கார்ந்தேன். அவன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "அண்ணா, ஏழு எட்டு எவ்ளோ?"